கலோர்: பெயருக்குப் பின்னால் வரும் ஏராளம்

தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடந்தால், துணிகளைவிட எழுத்துகள்தான் முதலில் கண்ணில் படும். கடை முகப்பை மறைத்துக் கட்டிய பதாகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் முட்டிமோதிக்கொண்டு இடம் பிடித்திருக்கும். ஆங்கில வரி குட்டையாக, மிடுக்காக இருக்கும். தமிழுக்கு மிஞ்சின இடம்தான்.

அப்படியொரு பதாகைக்குத் தமிழ் வரி வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புடைவைக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. இப்படிச் சில்லறை வேலைகளும் வரும். ஆங்கிலம் ஏற்கெனவே தயாராக இருந்தது: ‘சாரீஸ் கலோர்’. வடிவமைத்த பையன் போட்டது.

“சாரீஸ் விளங்குது தம்பி. கலோர் எண்டா என்ன? பெங்களூர், மங்களூர் மாதிரி ஏதும் ஊரோ? எங்கட சேலையெல்லாம் காஞ்சிபுரமெல்லோ” என்றார்.

சிரிப்பு வந்தாலும் அவர் கேட்டதில் பிழையில்லை. சொல்லைப் பார்த்தால் ஆங்கிலச் சொல்லுக்குரிய முகவெட்டே அதில் இல்லை. வாக்கியத்தில் அது நிற்கிற இடமும் விசித்திரம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அது வேறு வீட்டுப் பிள்ளை.

முதலில் உச்சரிப்பைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘கலோர்’ என்று எழுதினாலும், முதலெழுத்தை மகாவலி கங்கையின் ‘க’ போல ஒலிக்க வேண்டும். அழுத்தம் இரண்டாவது அசையில், ‘லோ’வில் விழும். ஏராளம், தாராளம், வேண்டிய மட்டும், கொட்டிக் கிடக்கிறது என்பவையெல்லாம் அதன் பொருளுக்குள் அடங்கும்.

அது வந்த இடம் அயர்லாந்து. ஐரிஷ் மொழியில் ‘கு லோர்’ என்று இரண்டு சொற்கள். ‘லோர்’ என்றால் போதுமானது. முன்னால் நிற்கும் ‘கு’, நம்முடைய ‘ஆக’, ‘ஆய்’ போல, ஒரு பண்பை வினையோடு ஒட்ட வைக்கும் இடைச்சொல். ஆக, ‘போதுமானதாய்’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியிலும் இதே சொல் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது. வந்த இடத்தில் இரண்டு சொல்லும் ஒன்றாகி, போதும் என்பதைத் தாண்டி, ‘போதும் போதும் எனும் அளவுக்கு’ என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆங்கிலம் உலகத்திடமெல்லாம் சொல் வாங்கிய மொழி. நம்மிடமிருந்து கட்டுமரத்தையும் மிளகுதண்ணியையும் கொண்டுபோனது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களான கேலிக், ஐரிஷ், வெல்ஷ் மொழிகளிடம் அது வாங்கியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் விஸ்கி ஒன்று. ‘உயிர்த் தண்ணீர்’ என்ற ஐரிஷ் தொடரில் ‘தண்ணீர்’ என்ற பாதி அது. ஸ்லோகன் இன்னொன்று, கேலிக் மொழியில் படையின் போர்க் கூவல். கொழும்புப் பத்திரிகைகளில் ‘சுலோக அட்டைகளை ஏந்தியவாறு ஆர்ப்பாட்டம்’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூவல் ஞாபகம் வரும். வடமொழிச் சுலோகத்துக்கும் கேலிக் ஸ்லோகனுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் இலங்கைத் தமிழில் இரண்டும் ஒரே அட்டையில் ஏறிவிட்டன.

போதும் என்பது எப்படி ஏராளம் ஆகும் என்று ஐரிஷ்காரருக்கு விளக்கத் தேவையில்லை. நமக்கும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். இலங்கைத் தமிழில் ‘போதும்’ என்பதற்கு ‘காணும்’ என்போம். தமிழகத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் ‘காணுமோ?’ என்று கேட்டதும் எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து நாற்காலிக்கு அடியில் பார்த்த கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. விருந்தாளி ‘காணும், காணும்’ என்று கையால் இலையை மறைப்பார். அவர் சொன்ன பிறகும் விழுகிற இரண்டு அகப்பைச் சோறு இருக்கிறதே, ‘கு லோர்’ கலோராக மாறியது அந்த இடத்தில்தான். விருந்தில் போதுமான அளவு சமைத்தோம் என்றால் குறைவாகச் சமைத்தோம் என்றுதானே பொருள்? மிஞ்சினால்தான் காணும். ‘தாராளமாக் காணும்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

சிங்களத்திலும் இதே கணக்குத்தான். ‘ஓன தரம்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘வேண்டிய அளவு’. ஆனால் புறக்கோட்டைச் சந்தையில் ‘மாங்காய் இருக்கிறதா?’ என்று கேட்டு ‘ஓன தரம்’ என்று பதில் வந்தால், குவிந்து கிடக்கிறது என்று அர்த்தம். அளவை வாங்குபவரின் ஆசையிடம் விட்டுவிடுகிறார்கள்.

ஐரிஷில் ‘லோர்’ இன்றும் தன் பழைய பொருளை விடவில்லை. ‘கியார்ட் கு லோர்’ என்று ஒரு தொடர் அங்கே வாய்க்கு வாய் வரும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘போதுமான அளவு சரி’. நடைமுறையில் நம்முடைய வெறும் ‘சரி’. ‘மா கு லோர்’ என்றால் ‘போதுமான அளவு நல்லது’. ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னால், ஆள் கொஞ்சம் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று பொருளாம். பொருத்தமான சொல்தான்.

சரி, இடத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் அடைமொழி முன்னால், பெயர் பின்னால். நல்ல சேலை, பழைய வீடு என்று நாம் சொல்வதுபோலத்தான். கலோர் மட்டும் பெயருக்குப் பின்னால் போய் நிற்கும். கலோர் சாரீஸ் என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். சாரீஸ் கலோர் என்றுதான் சொல்வார். ஐரிஷில் அந்தச் சொல் பெயருக்குப் பின்னாலும் வரும், அந்த நடையோடேயே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது.

பெயருக்குப் பின்னால் நிற்கும் அடைமொழிகள் ஆங்கிலத்தில் வேறும் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் கோட்டு போட்டவை. அட்டர்னி ஜெனரல், ஓடிட்டர் ஜெனரல், கோர்ட் மார்ஷல் எல்லாம் பிரெஞ்சுச் சட்டமொழி விட்டுப்போன தடங்கள். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் போனால் நாள் முழுக்கக் காதில் விழும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களைச் சொல்லும்போது அட்டர்னீஸ் ஜெனரல் என்று நடுவில் பன்மை போடுவது இதனால்தான். பெயர் முன்னால் இருக்கிறது, பன்மையும் அங்கேதான் ஏறும். கணக்காய்வாளர் நாயகம் என்று தமிழாக்கியவர்களும் ‘நாயகத்தை’ மறக்காமல் பின்னால் வைத்தார்கள். கலோர் அந்தக் கனவான்களின் வரிசையில் நிற்கிறது, ஆனால் கோட்டில்லாமல், சாரம் கட்டிக்கொண்டு.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. பின்னால் நிற்கும் இந்தச் சொல் ஆங்கிலேயருக்கு விசித்திரம், தமிழருக்கு இல்லை. ‘வாய்ப்புகள் ஏராளம்’, ‘சலுகைகள் தாராளம்’ என்று நாம் தினமும் எழுதுகிறோம். ஏராளமும் தாராளமும் பெயருக்குப் பின்னால்தான் சும்மா நிற்கின்றன. ஆகவே தமிழ்க் காதுக்குக் கலோர் உடனே பிடித்துவிடுகிறது. ‘இது எங்கட ஏராளம்தானே’ என்று எடுத்துக்கொள்கிறோம். பிழை தொடங்குவதும் அங்கேதான்.

‘வாய்ப்புகள் ஏராளம்’ என்பது தமிழில் முழு வாக்கியம். வாய்ப்புகள் எழுவாய், ஏராளம் பயனிலை. நடுவில் ‘இருக்கின்றன’ என்ற சொல் தேவையில்லை. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர், ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் இல்லை என்று பள்ளியில் படித்திருப்பார். எனவே நடுவில் ஓர் ‘ஆர்’ போடுகிறார்: ஒப்பர்சூனிட்டீஸ் ஆர் கலோர். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் கடிதங்களில், நிறுவன ஆண்டறிக்கைகளில், கல்யாணச் சபைப் பேச்சுகளில் நான் இதைப் பார்த்தும் கேட்டும் அலுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் கலோர் பயனிலையாக வேலை செய்வதில்லை. அது பெயரின் முதுகில் ஒட்டிய அடைமொழி. பெயரையும் அதையும் பிரிக்கக் கூடாது. ‘தேர் ஆர் ஒப்பர்சூனிட்டீஸ் கலோர்’ என்றால் சரி. தமிழில் சொன்னால், ‘ஏராளமான வாய்ப்புகள் இருக்கின்றன’ என்ற வாக்கியத்தில் ‘ஏராளமான’ செய்கிற வேலையைத்தான் கலோர் செய்கிறது. ‘ஏராளம்’ செய்கிற வேலையை அல்ல. இரண்டும் நிற்கிற இடம் ஒன்று, உத்தியோகம் வேறு.

இந்தப் பிழையை நம் ஊர் ஆங்கிலம் என்று ஏற்றுக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவிலும் பரவலாக எழுதுகிறார்கள். காலப்போக்கில் நிலைத்தாலும் நிலைக்கும். ஆனால் இலண்டனிலோ டொரொன்டோவிலோ உள்ள தேர்வாளரிடம் போகிற தாளில் எழுதாமல் இருப்பது நல்லது என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

இரண்டாவது பிழை ‘கலோர் ஒஃப்’. ‘நிறைய’ என்பதற்குப் பிளென்டி ஒஃப் என்று வருகிறதே, அதே அச்சில் வார்த்தது. கலோருக்குப் பின்னால் ‘ஒஃப்’ வராது. கலோருக்குப் பின்னால் அந்தத் தொடரில் எதுவுமே வராது. அதுதான் கடைசிப் பெட்டி. இன்னொன்று, எண்ணக்கூடிய பொருளானால் பன்மையில் இருக்க வேண்டும்: சேலைகள், சலுகைகள், பிழைகள். எண்ண முடியாததானால் அப்படியே வரலாம், விஸ்கி கலோர் என்பதுபோல.

பிளென்டியைப் பற்றி ஒரு சொல். அது இலத்தீன் வழி வந்தது, ‘நிறைவு’ என்பது அடிப்பொருள், எங்கும் போடலாம், யாருக்கும் வருத்தமில்லை. கொழும்பில் அதற்கு ஒரே இடைஞ்சல் பிளேன்டீ. பால் இல்லாத தேத்தண்ணிக்கு நாடு முழுக்க அதுதான் பெயர். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்களில் எல்லா வீட்டிலும் பிளேன்டீதான். ‘பிளென்டி இருக்கோ?’ என்று கேட்டால் ‘பிளேன்டீ மட்டும் இருக்கு’ என்று ஒரு பகிடி அப்போது எங்கள் அலுவலகத்தில் சுற்றியது.

அப்புறம், தொனி. அகராதி பார்த்துச் சொல் பொறுக்குகிறவர்கள் வழுக்குகிற இடம் இது. கலோர் சந்தைச் சொல், கொண்டாட்டச் சொல். மலிவு விற்பனைப் பதாகையில், கார்னிவல் அறிவிப்பில், நண்பருக்கு அனுப்பும் செய்தியில் அழகாக இருக்கும். மத்திய வங்கியின் அறிக்கையிலோ அனுதாபக் கடிதத்திலோ வந்தால் சாவு வீட்டில் விசிலடித்த மாதிரி. கெட்ட விஷயத்தோடு சேர்த்தால் உடனே நக்கலாகிவிடும். பிழைகள் கலோர், வரிசைகள் கலோர் என்று எழுதலாம். எழுதினால் எழுதியவர் உதட்டைச் சுழிக்கிறார் என்று வாசகருக்குத் தெரியும்.

இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். 1941 பெப்ரவரியில் எஸ்.எஸ். பொலிட்டிஷியன் என்ற சரக்குக் கப்பல் ஸ்கொட்லாந்தின் எரிஸ்கே தீவுக்கருகே தரைதட்டியது. உள்ளே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட விஸ்கி போத்தல்கள். போர்க்காலம், பங்கீட்டுக் காலம். தீவுக்காரர்கள் இரவோடு இரவாக வள்ளங்களில் போய் அள்ளிக்கொண்டு வந்து, சுங்கத்துக்குத் தெரியாமல் புதைத்தும் ஒளித்தும் வைத்தார்கள். இந்தச் சம்பவத்தை வைத்து 1947இல் வந்த நாவலும் 1949இல் வந்த படமும் கலோர் என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கியிருந்தன. ஆங்கில உலகில் விஸ்கியும் கலோரும் பிரியாத ஜோடியானது அப்படித்தான். கேலிக் பேசும் தீவில் கேலிக் சொல், கேலிக் பானம். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

நம் கடலிலும் ஒரு கப்பல். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் தீப்பிடித்தது, ஜூனில் மூழ்கியது. கரையில் ஒதுங்கியது விஸ்கியல்ல, வெள்ளை வெள்ளையாய்ப் பிளாஸ்டிக் மணிகள். நீர்கொழும்பு வரை மணலோடு மணலாய்க் கிடந்தன. எவ்வளவு அள்ளினாலும் தீரவில்லை. அதற்குக் கலோர் என்று எந்த மீனவர் முன்னாலும் சொல்ல எனக்கு வாய் வராது. அளவு மட்டும்தான் விஷயம் என்றால் சொல்லியிருக்கலாம். கிடைத்ததில் மகிழ்ச்சியும் வேண்டும் அந்தச் சொல்லுக்கு.

மிதமிஞ்சிப்போனதைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொல் உண்டு, பிளெதோரா. கிரேக்க வைத்தியச் சொல். உடம்பில் இரத்தம் அளவுக்கு மேல் கூடிவிட்டது என்பதற்கு வைத்த பெயர். நரம்பைக் கீறி இரத்தம் வடிப்பது அதற்கு மருந்து. அலுவலக ஆங்கிலத்தில் ‘நிறைய’ என்ற இடத்திலெல்லாம் இதைப் போடுகிறார்கள், கொஞ்சம் படித்த வாசனை வரும் என்று. எங்கள் நிறுவனம் ‘பிளெதோரா’ சேவைகள் தருகிறது என்று பெருமையாக ஒரு கையேட்டில் பார்த்தேன். பழைய பொருளில் வாசித்தால், தாங்க முடியாத அளவுக்குச் சேவை. மிரியட் என்பதும் கிரேக்கம்தான், பத்தாயிரம் என்ற எண். நாம் ‘ஆயிரம் வேலை கிடக்கு’, ‘கோடி நன்றி’ என்கிறபோது எண்ணிப் பார்க்கிறோமா என்ன.

கடைக்காரரின் பதாகைக்குத் திரும்புகிறேன். அவருக்கு ‘ஏராளம்’ பிடிக்கவில்லை. “அது எல்லாரும் போடுறது. மலிவு எண்டு வரவேணும்” என்றார். சேலைகள் நிறைய என்பதும் மலிவு என்பதும் ஒன்றல்ல என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் தமிழில் அவை ஒரு காலத்தில் ஒன்றுதான்.

மலிதல் என்றால் நிறைதல், மிகுதல், பெருகுதல். மலிபுனல் என்றால் பெருகி வரும் நீர். வளம் மலிந்த நாடு என்றால் வளம் குறைந்த நாடு அல்ல. சந்தைக்குச் சரக்கு மலிந்து வந்தால் விலை இறங்கும். சரக்கைச் சொன்ன சொல் மெல்ல விலைக்கு இடம்பெயர்ந்து, ‘மலிவு’ என்றால் விலை குறைவு என்றாகிவிட்டது. பொருளாதார வகுப்பில் கேள்வி, நிரம்பல் (தேவை, வழங்கல்) என்று வரைபடம் போட்டு விளக்குவதை இந்த ஒரு சொல் தன் பயணத்திலேயே செய்துவிட்டது. விலை இறங்கிய பிறகு மதிப்பும் இறங்கியது, ‘மலிவான விளம்பரம்’ என்று ஏசுகிறோம். பழைய பொருள் முழுதாகச் செத்துவிடவில்லை. ‘ஊழல் மலிந்துவிட்டது’, ‘குற்றங்கள் மலிந்த நகரம்’ என்று எழுதும்போது அது எழுந்து வருகிறது. இன்றைய செய்தித் தமிழில் பெரும்பாலும் கெட்டதுதான் மலிகிறது என்பது எனக்குச் சின்ன வருத்தம்.

புறக்கோட்டையில் மற்ற இரண்டு மொழிகளும் இதே ‘விலை குறைவு’க்கு வேறு வழியால் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலச் சீப், பழைய ஆங்கிலத்தில் வெறும் கொடுக்கல் வாங்கல், சந்தை. ‘நல்ல வியாபாரம்’ என்ற தொடர் தேய்ந்து விலை குறைவானது. சிங்களத்தில் இரண்டாம் குறுக்குத் தெரு நடைபாதை முழுக்க ஒலிக்கும் ‘லாபாய், லாபாய்’ வடமொழி இலாபத்திலிருந்து வந்தது. விற்கிறவரே இலாபம் இலாபம் என்று கூவுகிறார், ஆனால் அது வாங்குகிறவரின் இலாபமாம். நம் மலிவில் வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை. வண்டி வண்டியாய் வந்திறங்கிய சரக்கு மட்டும்தான்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லவில்லை. அவருக்கு வேலை இருந்தது, எனக்கும் இரண்டு நாள்தான் அவகாசம். நான் யோசித்தது வேறு. ஏராளம் பொருளில் சரி, ஆனால் தொனியில் சற்று உத்தியோகபூர்வம். கலோரில் இருக்கிற துள்ளல் அதில் இல்லை. தமிழில் துள்ளல் எங்கே இருக்கிறது? திருவிழாவுக்குப் போய் வந்தவரிடம் கேட்டால் ‘சனம் ஏராளம்’ என்றா சொல்வார்? ‘சனமோ சனம்’ என்பார். மழை கொட்டினால் மழையோ மழை. பெயரைச் சொல்லி, ஓகாரத்தை இழுத்து, அதே பெயரை இன்னொரு தரம் போடுகிறோம். அடைமொழி என்று ஒன்று இல்லவே இல்லை. பெயரே தனக்குப் பின்னால் வந்து நின்று தன்னைப் பெருக்கிக் காட்டுகிறது. கலோர் நிற்கிற அதே இடம், அதே குஷி. கெட்டதோடு சேர்ந்தால் அதே நக்கலும் வரும்: வரியோ வரி.

‘சேலையோ சேலை’ என்று எழுதி அனுப்பினேன். இவ்வளவு யோசித்து இரண்டு சொல் எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறுநாள் கடைக்காரர் அழைத்தார். “தம்பி, ஒரே சொல்லு ரெண்டு தரம் வந்திட்டுது. டைப்பிங் பிழையெண்டு பையன் சொன்னான். இடமும் காணாது. நான் ஒண்டை எடுத்திட்டன்.”

தீபாவளி முடியும் வரை அந்தப் பதாகை காலி வீதியில் தொங்கியது. மேலே ஆங்கிலத்தில் சாரீஸ் கலோர். கீழே தமிழில், ஓகாரமும் போய், தனியாகப் பெரிதாக: சேலை.